எல்லோரும் மீடியம்

எங்கள் கடைக்கு வந்த பெண்களில் ஒருத்திகூட குண்டு இல்லை. ஒல்லியும் இல்லை. அத்தனை பேரும் மீடியம். நம்பாதவர்கள் பீரோவைத் திறந்து, எங்கள் கடைக் குர்த்தாவின் கழுத்தைத் திருப்பிப் பார்க்கலாம். கறுப்புப் பட்டியில் வெள்ளை நூலால் 'எம்' என்று நெய்திருக்கும். அதை அங்கே வைத்துத் தைத்தவள் நான்தான். யாராவது நியாயம் கேட்க வந்தால் வரட்டும், எனக்கும் வாய் இருக்கிறது.

கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அண்ணன் வீட்டு முன்னறை. இரண்டு தையல் மெஷின், துணி ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக் மெஷின், துணி வெட்டுகிற மேசை, மூலையில் திரை போட்ட ஒரு சதுரம். அந்தச் சதுரத்துக்கு ட்ரையல் ரூம் என்று பெயர். எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதன் அடியில் ஒரு கட்டையைக் கொடுத்துப் பின்பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைத்திருப்போம். அப்படி வைத்தால் பார்ப்பவர் கொஞ்சம் உயரமாகவும் கொஞ்சம் வாகாகவும் தெரிவார். இது அண்ணியின் யோசனை. பேசுவது அண்ணி, வெட்டுவது நான், சுவர் அண்ணனுடையது என்று எங்களுக்குள் வேலைப் பிரிவினை. சுவர் தன்னுடையது என்பதை அண்ணன் ஒருநாளும் மறந்ததில்லை, எங்களை மறக்க விட்டதுமில்லை.

நான் எப்படி அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். கல்யாணம் செய்து வைத்தார்கள், பொருந்தவில்லை, பிரித்தாயிற்று. தையல்காரிக்கு இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பிரித்த பிறகு தலைசாய்க்க ஓர் இடம் வேண்டுமே. வெட்டு மேசைக்குப் பின்னால், துணிக்கட்டுகளுக்கு நடுவில் என் கட்டில் கிடந்தது. உலகத்திலேயே எனக்கென்று கதவைச் சாத்திக்கொள்ள முடிந்த இடம் அது ஒன்றுதான்.

ஆரம்பத்தில் நாங்களும் யோக்கியமாகத்தான் இருந்தோம். லேபிள் நெய்து கொடுக்கிறவரிடம் எல்லா அளவிலும் கேட்டிருந்தோம். அவர் அனுப்பிய மூட்டையைப் பிரித்தால் அத்தனையும் எம். ஃபோன் போட்டால், "அடுத்த மாசம் மாத்தித் தர்றேன் மேடம்" என்றார். அந்த வாரமே கொடுக்க வேண்டிய உருப்படிகள் மேசையில் மலைபோல் கிடந்தன. லேபிள் இல்லாமல் கொடுத்தால் வீட்டில் தைத்தது மாதிரி இருக்கும் என்று அண்ணிக்குக் கவலை.

"இருக்கறதை வச்சுத் தைடி. யாரு கழுத்தைத் திருப்பிப் பாக்கப் போறாங்க?" என்றாள்.

எல்லோரும் திருப்பிப் பார்த்தார்கள். முதலில் பார்த்தவர் ஒரு தலைமையாசிரியை. அவர் காலடிச் சத்தம் கேட்டால் பள்ளிக்கூடமே எழுந்து நிற்கும் என்பார்கள். நியாயப்படி அவருக்கு டபுள் எக்ஸெல்; அதிலும் கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கும். குர்த்தாவைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், கழற்றி வைத்த இன்னொன்றின் லேபிளைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார்.

"நான் மீடியமா?" என்று கேட்டார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் யாரிடமும் எதையும் கேட்டிருக்க மாட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். "நீங்க மீடியம்தான் மேடம். மத்த கடைல அளவு தெரியாம வெட்டுறாங்க."

மறுநாள் அவர் மூன்று டீச்சர்களோடு வந்தார். அதற்கடுத்த வாரம் அந்த டீச்சர்கள் தங்கள் நாத்தனார்களோடும் ஓரகத்திகளோடும் வந்தார்கள். லேபிள்காரர் சொன்னபடி மாற்றித்தர வந்து நின்றபோது, அண்ணி அவரிடம் இன்னும் இரண்டு மூட்டை எம் கேட்டாள்.

எங்களுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்கு ஒரு வழி செய்தேன். லேபிளின் பின்பக்கம் கண்ணுக்கே தெரியாமல் ஒரு நூல் முடிச்சு. மஞ்சள் என்றால் நிஜமான மீடியம். நீலம் அதற்கு மேல். சிவப்பு அதற்கும் மேல். பச்சை, தலைமையாசிரியை ரகம். ஆள் படியேறும்போதே கண்ணால் அளந்து, அலமாரியிலிருந்து சரியான முடிச்சை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன். எடுத்த எடுப்பில் பொருந்திவிடும். "பாத்தீங்களா, உங்களுக்குன்னே தைச்ச மாதிரி" என்பாள் அண்ணி.

குற்ற உணர்ச்சி ஏதும் இருந்ததா என்றால், சத்தியமாக இல்லை. உள்ளே வரும்போது கைப்பையை வயிற்றுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு வருகிறவள், வெளியே போகும்போது கையை வீசிக்கொண்டு போவாள். அந்த நடையைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் இருந்திருக்காது.

அண்ணிக்கு மவுசு ஏறியது. மகளிர் சங்கங்களில் பேசக் கூப்பிட்டார்கள். பெண்ணின் விடுதலை அவள் அலமாரியில் தொடங்குகிறது என்று ஆரம்பித்து, இஞ்ச் டேப் என்பது பெண்ணின் கழுத்தில் போட்ட கயிறு என்று முடிப்பாள். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கழுத்தில் இஞ்ச் டேப்போடு கடைசி வரிசையில் உட்கார்ந்து நானும் கைதட்டுவேன். 'நீங்கள் மாற வேண்டாம், உடை மாறட்டும்' என்று கடைக்கு ஒரு பலகைகூட மாட்டினாள். உண்மையில் உடையும் மாறவில்லை, எழுத்துதான் மாறியிருந்தது. பலகையில் அதையெல்லாம் எழுத முடியுமா?

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அண்ணனுக்கு முன்னறைமேல் கண் விழுந்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கிற ஒருவர் அந்த அறையை வாடகைக்குக் கேட்டிருந்தார். சாப்பிட்டுக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"இந்த வருஷக் கடைசி வரைக்கும் பாக்கறேன். பேர் சொல்ற மாதிரி ஒரு பெரிய ஆர்டர் எடுத்தீங்கன்னா இருங்க. இல்லன்னா இந்த விளையாட்டையெல்லாம் மூட்டை கட்டிருங்க."

"ஊரே என் பேச்சைக் கேக்குது, உங்களுக்கு விளையாட்டா?" என்றாள் அண்ணி.

"ஊருக்கென்ன, வாடகையா வருது?"

"அப்ப நான் எங்கண்ணா படுக்கறது?" என்று கேட்டேன்.

"ஏன், ஹால்ல படு. டிவி இருக்கு, ஃபேன் இருக்கு. ராஜ வாழ்க்கை."

அந்த டிவியை அவன் தூங்கும்வரை அணைக்க மாட்டான். அண்ணி என்னைப் பார்த்தாள், நான் அண்ணியைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அந்த அறைதான் உயிர். அவளுக்குப் பகலில், எனக்கு நாள் முழுக்க.

பெரிய ஆர்டர் வந்தது. வந்ததற்குக் காரணம் அண்ணியின் பேச்சு, கவிழ்க்கப் பார்த்ததும் அதே பேச்சு.

காப்பீட்டு அலுவலகம் ஒன்றின் மேனேஜர் அம்மா எங்கள் வாடிக்கையாளர். சிவப்பு முடிச்சு. தன் அலுவலகப் பெண்கள் அத்தனை பேருக்கும் இந்த வருடம் சீருடை பெண்கள் கையால்தான் தைக்கப்பட வேண்டும், மகளிர் தின விழாவில் எல்லோரும் அதை உடுத்தி மேடையேற வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார். அவருடைய கண்ணாடி அறைக்குப் போனோம். வழக்கம்போல் என் கழுத்தில் டேப். அவர் அதைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ பாம்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"அதெல்லாம் வேணாம்மா. ஒரு பொண்ணை நாலு பேர் முன்னாடி நிக்க வச்சு டேப்பைச் சுத்துறது எவ்வளவு பெரிய அவமானம்? எங்க பொண்ணுங்களுக்கு அவங்க உடம்பு தெரியும். அவங்களே சைஸ் எழுதிக் குடுப்பாங்க."

"இல்ல மேடம், அளவு எடுத்துட்டா ரெண்டு பேருக்குமே நிம்மதி…" என்று நான் இழுத்தேன்.

"உங்க அண்ணிதானே அன்னிக்கு மேடையில சொன்னாங்க? கழுத்தில போட்ட கயிறுன்னு?"

அண்ணி தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள், அவள் அம்பு அவளிடமே திரும்பி வந்து நிற்கிறது.

நாலு நாளில் சைஸ் வந்தது. மீடியம், மீடியம், மீடியம். அலுவலகம் முழுக்க மீடியம். பாதிப் பேர் எங்களிடம் துணி எடுக்கிறவர்கள், அவர்கள் எம் என்று எழுதியது சரிதான். மீதிப் பேர், பக்கத்து நாற்காலிக்காரி எம் என்றால் நான் மட்டும் என்ன குறைந்தா போய்விட்டேன் என்று எழுதியிருக்க வேண்டும். ஒரே ஒருத்திதான் டபுள் எக்ஸெல் என்று எழுதியிருந்தாள். வாசலில் நிற்கிற செக்யூரிட்டி அக்கா. எங்கள் கடைப் பக்கம் வராதவள், பாவம், அவளுக்கு விடுதலை இன்னும் கிடைக்கவில்லை.

"அண்ணி, இது நம்ம எம். ஊர் எம் இல்ல. இதை நம்பி வெட்டுனா நாம காலி."

"தெரியுது. என்ன செய்யலாம் சொல்லு."

எனக்கு ஒரு வழி இருந்தது. அந்த அலுவலகத்தில் எத்தனை பேர் சிவப்பு, எத்தனை பேர் நீலம் என்று கண்ணால் பார்த்து ஓரளவு சொல்லிவிட முடியும். அந்த விகிதத்தில் எல்லா அளவிலும் வெட்டி, எல்லாவற்றுக்கும் எம் லேபிள் வைத்து, பின்னால் முடிச்சுப் போட்டு, விழா அன்று ஆளைப் பார்த்து நானே எடுத்துக் கொடுத்துவிடுவது. கடையில் தினமும் செய்கிற வேலைதானே. உருப்படிகள் அதிகம் என்பதால் வெளியே ஒரு தையல் யூனிட்டில் தைக்கக் கொடுக்க வேண்டியிருந்தது. அண்ணியிடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லி அனுப்பினேன். அண்ணன்தான் காரில் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்ததும் கேட்டேன்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு, சொல்லியாச்சு. தலைவலி, கொஞ்சம் டீ போடு."

தையல் முடிந்து உருப்படிகள் நேராக அலுவலகத்துக்கே போயின. எங்களுக்கு மிச்சத் துணி இரண்டு பெரிய கட்டாகத் திரும்பி வந்தது. நான் கணக்குப் போட்டதில் அவ்வளவு மிஞ்ச வழியே இல்லை. "எவ்வளவு சிக்கனமா வெட்டியிருக்கார் பாரு" என்றாள் அண்ணி, முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு. நான் அப்போதே அந்த முகத்தைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

விழா அன்று அலுவலகத்தின் பெரிய ஹாலில் நாற்காலி போட்டு, மேடையில் மைக் வைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் அண்ணன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். நாங்கள் கவிழ்வதைப் பார்க்க வந்தானா, நிற்பதைப் பார்க்க வந்தானா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. நான் பக்கத்து அறையில் முதல் கவரைப் பிரித்து லேபிளைத் திருப்பினேன். முடிச்சு இல்லை. இரண்டாவதைத் திருப்பினேன். இல்லை. நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். தோளோடு தோள், இடுப்போடு இடுப்பு, நூல் பிசகாமல் ஒரே அளவு. ஊரில் எல்லோரும் மீடியம் என்று சொல்கிற அதே மீடியம்.

அண்ணியைக் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தேன். "என்ன சொன்னீங்க அந்த யூனிட்காரர்கிட்ட?"

அவள் கண் கலங்கிவிட்டது. "உங்கண்ணன் பக்கத்துலயே நின்னாருடி. அந்த ஆளு, உங்க மீடியம் எந்த அளவு மேடம்னு கேக்கறார். நம்ம லேபிள் சமாச்சாரம் எதுவும் தெரியாத இவர் முன்னாடி எப்படிச் சொல்றது? எல்லாரும் போடற மீடியம்தான்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு, தனியாப் போய் மாத்திச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அப்புறம் அந்த ஆளு சிரிச்சா என்ன செய்யறதுன்னு…"

எனக்கு வந்த கோபத்தில் அந்த மைக்கில் போய்க் கத்தியிருப்பேன். அதற்குள் பெண்கள் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். மேனேஜர் அம்மா முதல் ஆளாக வாங்கிக்கொண்டு உடை மாற்றும் அறைக்குள் போனார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். என் கட்டில் ஹாலுக்குப் போவதும், தலைமாட்டில் டிவி அலறுவதும் கண்ணுக்குத் தெரிந்தன.

உள்ளே துணி உரசுகிற சத்தம். பிறகு மூச்சை உள்ளிழுக்கிற ஒலி. பிறகு எங்கோ ஒரு தையல் விட்டுக்கொடுத்த சின்னச் சத்தம். கதவு திறந்தது. மேனேஜர் அம்மா தன் பழைய உடையிலேயே வெளியே வந்தார். புதியது கவருக்குள் மடித்தபடி இருந்தது.

"பிரமாதமா இருக்கு. ஆனா தலைமை தாங்கறவ தனியாத் தெரியணும் இல்லையா? அதான் இன்னிக்குப் போடல."

அடுத்து கணக்குப் பிரிவுப் பெண். போன உடையிலேயே திரும்பி வந்தாள். "கச்சிதமா பொருந்துது. இன்னிக்கே போட்டா கசங்கிடும்னு பாத்தேன்."

அதற்கடுத்தவள் வீட்டில் காட்டிவிட்டுப் போடப் போகிறாளாம். இன்னொருத்திக்கு நல்ல நாள் பார்க்க வேண்டுமாம். ஒருத்தி கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, கவரை வயிற்றோடு அணைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். எனக்கு மெல்லமெல்லப் புரிந்தது. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எம் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது, எம் வந்துவிட்டது, இனி எந்த வாயால் சொல்வது? ஒரு ஹால் நிறையப் பெண்கள், ஒரே ரகசியத்தை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

செக்யூரிட்டி அக்கா மட்டும் உடுத்திக்கொண்டு வந்தாள். பொருத்தம் என்றால் அப்படியொரு பொருத்தம். வாசலில் நின்று ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"என்ன, யாரும் போடல? நான் மட்டும்தான் கேணச்சியா?"

அவளையே மேடையில் ஏற்றினார்கள். போட்டோவுக்கு ஒருத்தியாவது வேண்டுமே. சிறப்பு விருந்தினராக வந்த அம்மையார், புதுமைப் பெண் என்றால் இவரைப்போல் இருக்க வேண்டும் என்று ஏதோ சொல்லி மைக்கை அவளிடம் நீட்டினார். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு டபுள் எக்ஸெல்லுங்க. சொன்ன அளவுக்குக் கரெக்டா தைச்சிருக்காங்க. இதுக்கு முன்னாடி தைச்சவன் எல்லாம் என்னைப் பாத்தும் துணியில கஞ்சத்தனம் பண்ணுவான்."

ஹால் சிரித்தது. கவரை மடியில் இறுக்கிக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கப் பார்க்க ஒருபக்கம் சிரிப்பு, இன்னொருபக்கம் ஓடிப்போய் ஒவ்வொருத்தி காதிலும் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றிருந்தது. சொல்லவில்லை. கட்டில் ஞாபகம் வந்தது.

திரும்பும் வழியில் அண்ணன் காரை ஓட்டிக்கொண்டே சொன்னான். "இத்தனை பேர்ல ஒருத்தர்கூடக் குறை சொல்லலையே. ஆம்பளைங்க யூனிஃபார்மா இருந்திருந்தா அங்கயே சட்டையைக் கிழிச்சிருப்பானுங்க. பரவால்ல, ரூமை வச்சுக்கங்க. அந்தத் தண்ணி ஆளுகிட்ட வேற இடம் பாக்கச் சொல்லிடறேன்."

அவன் எங்களைப் பாராட்டியது அன்று ஒருநாள்தான். யாரும் உடுத்தாத உடைக்காக.

மறுநாளிலிருந்து பின்வாசல் திறந்துகொண்டது. முன்வாசலில் பலகை, கண்ணாடி, விடுதலை எல்லாம் இருக்க, ஆபீஸ் பெண்கள் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே குனிந்து, சமையலறை வழியாக வந்தார்கள். ஒவ்வொருத்தியாக, இன்னொருத்தி இல்லாத நேரம் பார்த்து. "துவைச்சதுல கொஞ்சம் சுருங்கிடுச்சு போல" என்பார்கள். துணியில் புது மொடமொடப்பு அப்படியே இருக்கும். நான் எதுவும் கேட்க மாட்டேன். மிஞ்சி வந்த துணிக்கட்டு அப்போதுதான் கைகொடுத்தது. இரண்டு பக்கமும் அக்குளிலிருந்து கீழ்வரை பட்டி வைத்து அகலப்படுத்திக் கொடுத்தேன். போகும்போது எல்லோரும் ஒரே வரியைச் சொன்னார்கள். "ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மேனேஜர் அம்மா ஒரு விடுமுறை நாள் மத்தியானம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். தனக்குத் தைராய்டு என்றார். அடுத்த வருடமும் ஆர்டர் எங்களுக்குத்தான் என்றார். அண்ணி அவருக்குச் சமையலறையில் நாற்காலி போட்டு, பின்வாசலுக்கும் ஒரு அழைப்புமணி வைத்தால் என்ன என்று அன்றே யோசிக்கத் தொடங்கினாள்.

கேஷ் கவுண்டர் பொண்ணு கடைசியாக வந்தாள். சின்ன வயது, நன்றாகச் சிரிக்கிற முகம். எங்களிடம்தான் இரண்டு வருடமாகத் துணி எடுக்கிறாள். அன்று அந்த முகத்தில் கன்னமே இல்லை. கையில் கவர் இருந்தது, ஆனால் பட்டி வைக்கச் சொல்ல வரவில்லை.

"அக்கா, அடுத்த மாசத்திலருந்து கட்டாயம் போட்டுட்டு வரணும்னு சொல்லிட்டாங்க. அதுக்குள்ள எனக்கு ஏறிடுமான்னு பாத்துச் சொல்றீங்களா?"

"ஏறலன்னா பட்டி வச்சுத் தர்றேன், குடு."

"வேணாம்க்கா. எல்லாருக்கும் சரியா இருக்கு, எனக்கு மட்டும்தான் இப்படி. தப்பு துணியில இல்லயே. அதான் சாப்பாட்டைக் குறைச்சிருக்கேன்."

"எவ்வளவு குறைச்சிருக்க?"

அவள் திரைக்குப் பின்னால் போனாள். போட முயன்று, பாதியில், கை மேலே மாட்டிக்கொண்ட நிலையில் வெளியே வந்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். அப்படியே சரிந்து அதன்மேல் சாய்ந்தாள். நான் பிடித்துக்கொண்டேன். அடிக்கட்டை நழுவி, கண்ணாடி நேராக நின்றது.

மாட்டியிருந்த சீருடையை உருவி, துப்பட்டாவைப் போர்த்தி, மேசையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பிஸ்கட் டப்பாவைத் திறந்து முன்னால் வைத்தேன். தொடவில்லை. மூன்று வாரமாகக் காலையில் டீ மட்டும்தானாம். அதில் சர்க்கரைகூட இல்லையாம். மதியம் எல்லோரும் சாப்பிடப் போகும்போது தலைவலி என்று சொல்லி மேசையில் தலைவைத்துப் படுத்துக்கொள்வாளாம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது. இத்தனை நாள் நான் கைதட்டிய அத்தனை பேச்சும் ஞாபகம் வந்தது.

சமையலறை வாசலில் அண்ணி நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணாலேயே அறையைச் சுற்றிக் காட்டினாள்: மெஷின், மேசை, கட்டில். இவள் போய் ஒரு வார்த்தை அலுவலகத்தில் சொன்னால் அடுத்த நிமிடம் எல்லாம் போய்விடும். எனக்குத் தெரியாதா? எனக்கு அந்தக் கட்டில் வேண்டும். ஆனால் பட்டினி கிடக்கிற ஒரு பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் எப்படிப் படுப்பது?

அவள் மாட்டி வந்திருந்த எங்கள் கடைக் குர்த்தா திரைக்கம்பியில் தொங்கியது. எடுத்துவந்து லேபிளைத் திருப்பிக் காட்டினேன்.

"இந்த சிவப்பு முடிச்சு தெரியுதா? இதுதான் உன் சைஸ். எக்ஸெல். அந்த எம் நாங்க வச்ச பொய். உனக்கு மட்டும் இல்ல, உன் ஆபீஸ்ல இருக்கற அத்தனை பேருக்கும் வச்சோம். யாருக்கும் அந்த யூனிஃபார்ம் ஏறல. எல்லாரும் இந்தப் பின்வாசல் வழியாத்தான் வந்து பட்டி வச்சுட்டுப் போயிருக்காங்க, உங்க மேனேஜர் உட்பட."

அவள் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதே குர்த்தாவைப் போட்டுட்டுத்தான் இன்டர்வியூக்குப் போனேன். நான் மீடியம்ங்கற தைரியத்துல போனேன்."

"உன்னைத்தானே வேலைக்கு எடுத்தாங்க, லேபிளையா எடுத்தாங்க?"

அவளுக்கு அது ஆறுதலாகப் படவில்லை. எழுந்தாள், குர்த்தாவை வாங்கி மாட்டிக்கொண்டாள், சீருடையைக் கவரில் திணித்தாள், என் முகத்தைப் பார்க்காமலேயே போனாள். முன்வாசல் வழியாகப் போனாள். அதைப் பார்த்ததும் அண்ணி என்மேல் பாய்ந்தாள்.

"நாளைக்கு அந்த ஆபீஸ் மொத்தமும் நம்ம வாசல்ல வந்து நிக்கும். உன் கட்டிலை நீயே தூக்கி ஹால்ல போட்டுக்கோ. நான் மேடையில எப்படி ஏறுவேன்? உன் வாயை வச்சுக்கிட்டு ஒரு நாள் சும்மா இருக்க முடியாதா?"

"நீங்க வாயைத் திறக்க வேண்டிய இடத்துல திறந்திருந்தா, நான் திறக்க வேண்டியிருக்காது அண்ணி."

மறுநாள் காலையிலேயே நான் படுக்கையைச் சுருட்டிவைத்தேன். துரத்தப்படும்வரை காத்திருப்பானேன். அண்ணி பலகையைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஸ்டூலைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். மத்தியானம் கேட் தட்டும் சத்தம் கேட்டது.

செக்யூரிட்டி அக்கா. தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்.

"மேடம், டபுள் எக்ஸெல்லுல எனக்கு இன்னொரு செட்டு வேணும். மாத்திப் போட ஒண்ணு வேணாமா? ஆபீஸ்ல என்னைத் தவிர எல்லாரும் இப்பதான் போட ஆரம்பிச்சிருக்காங்க. ஆனா என் அளவுக்கு யாருக்கும் எடுப்பா இல்ல."

"வேற… வேற ஏதாவது பேசிக்கறாங்களா ஆபீஸ்ல?" என்று கேட்டாள் அண்ணி.

"என்ன பேசுவாங்க? அவங்கவங்க வேலையப் பாக்கறாங்க."

அவள் போன பிறகு அண்ணி இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள். நான் படுக்கையைப் பிரிக்கவில்லை. அந்தப் பொண்ணு இன்னும் மேனேஜரிடம் போகவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. அலமாரியின் அடித்தட்டில், ஆரம்ப காலத்து டப்பாவில் ஒரே ஒரு எக்ஸெல் லேபிள் கிடந்தது. தேடி எடுத்து, தூசி தட்டி, மேசைமேல் வைத்தேன். அவள் திரும்பி வந்தால் அவளுக்காவது உண்மையானதைத் தைத்துக் கொடுக்க வேண்டும். முதன்முதலாக ஒரு யோக்கியமான காரியம் செய்யப் போகிறோம் என்று எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

சாயங்காலம் அவள் வந்தாள். பின்வாசல் வழியாக. கொடிக்குக் கீழே குனிந்து வந்து, கவரை மேசைமேல் வைத்தாள். அண்ணி அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"ஆபீஸ்ல சொல்லிட்டியா?" என்று நானே கேட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லலக்கா."

"ஏன்?"

"எப்படிச் சொல்றது? சொன்னா, அப்ப நீ என்ன சைஸ்னுதானே முதல்ல கேப்பாங்க."

அடுப்படியில் கரண்டி கீழே விழுந்தது. அண்ணி அதை எடுக்கக்கூட இல்லை, உட்கார்ந்துவிட்டாள். இப்படிப் பிழைத்துப்போனதில் எனக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை. அந்த எக்ஸெல் லேபிளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"சரி, அவங்களை விடு. உனக்கு இதை வச்சுத் தைச்சுத் தர்றேன். உன் சைஸ், உன் லேபிள். இனிமே எதுக்கும் பயப்பட வேணாம்."

அவள் அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு ஒற்றை விரலால் என் பக்கமே தள்ளிவிட்டாள்.

"அது வேணாம்க்கா. எம்மே இருக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கட்டிலைப் பணயம் வைத்துச் சொன்ன உண்மை. "இவ்வளவு சொல்லியும் உனக்குப் புத்தி வரலயாடி?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பிஸ்கட் டப்பா நேற்று வைத்த இடத்திலேயே இருந்தது. அதை இழுத்து, ஒன்றை எடுத்து வாயில் போட்டு, மென்றுகொண்டே கவரிலிருந்து சீருடையை எடுத்து என்முன் விரித்தாள்.

"பக்கத்துல மட்டும் நல்லா தாராளமா விடுங்க. சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."